முற்பணமும் உரித்தும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அவிசாவளையைக் கடந்தபின் எஹலியகொட வருகிறது. பள்ளத்தே வயலும் மாணிக்கக் கல் தேடுவோர் தோண்டிய குழிகளும், மேட்டிலே இறப்பரும் தேயிலையும் அமைந்த நிலம் அது. ஐப்பசி பிறந்துவிட்டால் இப்பகுதித் தோட்ட லயங்களில் ஒரு பேச்சே மிஞ்சி நிற்கும். தீபாவளி முற்பணம் எவ்வளவு, எந்தத் திகதியில், எத்தனை மாதக் கழிவு என்பனவே அப்பேச்சின் பொருள்.

முற்பணம் என்னும் சொல் ஈண்டு கவனிக்கற்பாலது. அது நன்கொடையன்று, ஊக்கத் தொகையும் அன்று. தொழிலாளி இனிச் செய்யப்போகும் வேலையின் கூலியே முன்கூட்டி அவர் கையில் கொடுக்கப்படுகிறது. அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து அது தவணை தவணையாகக் கழிக்கப்படும். 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதிலே ஊழியர் சேமலாப நிதிக்காக நூற்றுக்கு எட்டு வீதம் கழிந்தபின், பதினையாயிரம் ரூபாய் முற்பணம் என்பது அன்று பன்னிரண்டு நாள் உழைப்பாக இருந்தது. இப்பன்னிரண்டு நாளும் எத்தகைய நாட்கள் என்பதை அறியாதவர்களே அத்தொகையைச் சிறிதென்பர்.

இறப்பர் மரம் மழைக்கு அஞ்சும் மரம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் பட்டை வழியே பரந்து வீணாகும். ஆதலாற்றான் விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் ஏறக்குறைய முந்நூறு மரங்களைச் சுற்றி வந்து, மரத்துக்கு மரம் நூலளவு பட்டை சீவிச் சிரட்டையை ஏந்த வைக்கவேண்டியிருக்கிறது. எஹலியகொடவிலோ ஆண்டொன்றுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. அதிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மாலை மழை பெயர்பெற்றது. தீபாவளி வருவதும் அம்மாதங்களிலேதான். வெட்டு நின்றுபோன நாளில், தோட்டம் வேறு வேலை கொடுத்தாலன்றிப் பேர் விழாது. வருவாய் மிகக் குறைந்த காலத்திலே செலவு மிகுந்த பண்டிகை வந்து நிற்க, தவணைக் கழிவு நடைபெறும் தை, மாசி மாதங்களில் இறப்பர் இலையுதிர்த்துப் பாலும் சுருங்கிவிடுகிறது. கடனுக்கு இதைவிடப் பொருத்தமற்ற பருவம் வேறில்லை.

இவ்வாறு பெற்ற பணத்தில் புடைவையும் பட்டாசும் பலகாரமும் வாங்குவதைக் கண்டு நகரத்தார் சிலர் நகைப்பதுண்டு. கூலி போதாதென்று ஆர்ப்பாட்டம் செய்பவர்களுக்கு ஆடம்பரம் எதற்கு என்பது அவர்கள் வினா. 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2021 மார்ச்சில் நிறைவேறும் வரையும் இவ்வினா பல வடிவங்களில் காதில் விழுந்துகொண்டேயிருந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கும் பண்டிகை முற்பணம் உண்டு. அதுவும் தவணையிலேயே கழிகிறது. அதைப் பெற்றுப் பிள்ளைக்குப் புத்தாடை வாங்கும் எழுதுவினைஞரை ஆடம்பரக்காரர் என்று எவரும் இகழ்ந்ததில்லை. ஒரே செயல் ஓரிடத்தில் குடும்பப் பொறுப்பாகவும் மற்றோரிடத்தில் ஊதாரித்தனமாகவும் பெயர் பெறுவது எவ்வாறு என்பதை விளக்க வேண்டியவர்கள் நகைப்பவர்களே.

கடன் என்பது தோட்டத் தமிழருக்குப் புதியதன்று. அவர்கள் கடலைக் கடந்ததே கடனோடுதான். வழிச்செலவு, உணவு, கம்பளி என்று கங்காணியின் கணக்கில் ஏறிய தொகை, அவர்கள் முதற்பேர் போடுமுன்னரே தலைமேல் இருந்தது. தோட்டம் மாற விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகை கட்டினால் இவர்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளி கணக்கிலேயே ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவருடைய குதிரையும் கோட்டும் தலைப்பாகையும் எவர் பெயரில் எழுதப்பட்ட செலவு என்று கேட்க அன்று ஆளில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் பிறருடைய வசதிக்குத் தான் கணக்குக் கட்டுகிறவன் என்ற நிலை அவ்வாண்டோடு ஒழிந்ததாகக் கூற முடியாது.

இனி, இக்கேள்வியை லயத்துக்குள்ளும் கேட்டாக வேண்டும். தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சம்பள மேசையில் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவ்வாறு பெற்ற பணத்தில் ஒரு பங்கு, வீடு வந்து சேருமுன் தவறணையில் இறங்கிவிடும். மனைவியின் விரல் பிடித்த கத்தியால் விளைந்த பணத்தில் தான் குடிப்பதைக் கணவன் ‘கேட்டு’ப் பெறவில்லை, கேட்கவேண்டுமென்ற எண்ணமே அவனுக்கு இருந்ததில்லை. உரித்து என்னும் மனப்பாங்கின் முதல் அடையாளம் இதுவே எனலாம். கேட்பவனுக்குக் கொடுப்பவரின் முகம் தெரியும். உரித்துடையவனாகத் தன்னை எண்ணிக்கொள்பவனுக்கு முகம் தெரிவதில்லை. பணம் மட்டுமே தெரியும். இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், கேளாமலே எடுத்துக்கொள்வோனை இரவலர் வரிசையில் வைக்கவில்லை என்பதும் நினையத்தக்கது.

பூப்புச் சடங்கு முதலியவற்றில் நிலைமை சற்றுச் சிக்கலானது. மொய் என்பது இன்று பெற்று நாளை திருப்பும் கடன். நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் எழுதப்படுவதால் எவர் செலவில் பந்தல் எழுந்தது என்பது மறைவதில்லை. அவ்வகையில் அது நேர்மையான ஏற்பாடே. எனினும், அடுத்த லயத்தாரை விஞ்சவேண்டுமென்று மண்டபமும் ஒளிப்படப்பிடிப்பும் பூந்தேரும் ஏற்பாடாகும்போது, மொய் ஈடுசெய்யாத மீதியைக் கட்டுவது யார்? கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் கட்டுகிறான். மத்திய கிழக்கில் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவும் தாய் கட்டுகிறாள். விழாப் படத்தில் அவ்விருவரும் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் பல்கலைக்கழக மாணவர் சமூகவியற் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் எஹலியகொடவை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்க. அவன் லயத்தில் அவனே முதல் பட்டதாரியாகப் போகிறவன். இரண்டாம் வருடத்தில் வகுப்புத் தோழர் சுற்றுலா ஒழுங்கு செய்கின்றனர். அதற்கென ஒரே நிறத்தில் மேலங்கி தைக்கவேண்டும். விடுதி அறையில் மற்றவர் வைத்திருக்கும் கைத்தொலைபேசியைப் போன்று ஒன்றும் வேண்டும். ஒரு ஞாயிறு மாலை அவன் தாயோடு பேசுகிறான். எல்லாரும் போகிறார்கள், போகாவிட்டால் நன்றாயிராது என்கிறான். “சரிப்பா, இந்தத் தடவ தீவாளி அட்வான்ஸ் வரட்டும், அதுல பாத்துக்கிறேன்” என்று தாய் சொல்கிறாள். உரையாடல் அவ்வளவுதான். கோபம் இல்லை, மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லாமையே இங்கு ஆராய்தற்குரியது.

அவன் பொய் சொல்லவில்லை. எல்லாரும் போவது உண்மை. போகாதவன் ஒதுக்கப்படுவதும் உண்மையே. அவ்வொதுக்கலின் பின்னே சாதியும் தோட்டத்தான் என்ற ஏளனமும் மறைந்து நிற்பதும் உண்டு. ஆகவே அந்த மேலங்கியை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது, வசதி படைத்தோர் வறியவருக்குச் செய்யும் எளிய உபதேசமாக முடியும். ஏழைக்கு அவசியம் மட்டுமே உரியது, மகிழ்ச்சி பிறருக்குரியது என்ற நியாயத்தை ஏற்றால் தீபாவளிப் பட்டாசையும் பறித்துக்கொள்ளவேண்டி வரும்.

அவன் கேட்டதில் குற்றமில்லை. கணக்குக் கேளாதிருந்ததிலேதான் பிழை இருக்கிறது. அம்முற்பணம் எத்தனை தவணையில் கழியும், தை மாதச் சம்பளச் சீட்டில் எவ்வளவு எஞ்சும், அவ்வாண்டு தங்கைக்கு எது இல்லாமற் போகும் என்பன அவன் வாயில் வரவில்லை. தாயும் அவற்றைச் சொல்லமாட்டாள். சொன்னால் பிள்ளை வாடுவான் என்பது அவள் கணிப்பு. வறிய குடும்பத்தில் அன்பு பெரும்பாலும் கணக்கை மறைக்கும் வடிவிலேயே வெளிப்படுகிறது. அந்த மறைப்பை வாய்ப்பாகக் கொள்வதா, விலக்கிப் பார்ப்பதா என்பது வளர்ந்த பிள்ளையின் பொறுப்பு. பொருளியல் பயிலும் மாணவன் ஒரு நாட்டின் சென்மதி நிலுவையை வரைபடமிட்டுக் காட்டுவான். ஆனால் தன் தாயின் சம்பளச் சீட்டை ஒருமுறையேனும் வாங்கிப் படித்திருப்பானா என்பது ஐயத்துக்குரியது.

அவனுடைய கல்விச் செலவையே எவர் கட்டினர் என்ற வினா இதனோடு சேர்ந்தெழுகிறது. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகச் சந்தையிலும் உயர்ந்த விலைக்கு இறப்பர் போயிற்று, அரிசி வந்தது. நாடு உண்ட அச்சோற்றின் பின்னே சிங்களக் கிராமத்துச் சிறுதோட்டக்காரரும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளரும் ஒருங்கே இருந்தனர். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் செலவுக்கும் தேயிலை, இறப்பர் ஏற்றுமதி ஈட்டிய வருவாய் பேருதவியாயிற்று. அத்திட்டமோ தோட்டப் பள்ளிக்கூடங்களைத் தீண்டவில்லை. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே அவை படிப்படியாக அரசாங்கப் பொறுப்புக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கு மேலாகத் தன் பிள்ளை நுழையாத பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டியவள் அத்தோட்டப் பெண். அதற்காக எவரும் அவளிடம் நன்றி கூறியதில்லை. அவள் இசைவை எவரும் கேட்டதுமில்லை.

எனவே பல்கலைக்கழகத்தில் ‘எமது உரிமை’ என்று முழங்கும்போது எந்த உரிமை என்று வேறுபடுத்தும் தெளிவு வேண்டப்படுகிறது. கல்வி உரிமையே, 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் உதவியும் தகுதியுடையோர்க்கு உரியதே. புதுமுக மாணவன் மூத்தோரின் விருந்துக்குக் காசு கொடுத்தாக வேண்டுமென்பது எந்த உரிமையின்பாற்படும்? அவ்விளையவன் கொடுக்கும் நோட்டும் ஏதோ ஒரு லயத்திலிருந்தோ வயல் வரம்பிலிருந்தோ வந்ததுதான். விரிவுரையாளர் பக்கமும் இக்கண் திரும்பலாம். பாராளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் உத்தியோகத்தர்க்கும் மட்டுமன்றிப் பல்கலைக்கழக ஆசிரியர்க்கும் பல்லாண்டுகளாக வரிச்சலுகையுடன் வாகன அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டு வந்தன. பெற்ற பத்திரத்தைக் கைமாற்றிப் பணமாக்கிக் கொண்டவர்களும் இருந்தனர். குறைந்த சம்பளத்துக்கு அது ஈடு என்ற வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் திறைசேரி இழந்த வரியை யார் நிரப்பினர் என்று கேட்டால், பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரி கட்டியவர் வரிசையில் பால்வெட்டும் பெண்ணும் நிற்பாள்.

நாட்டின் உச்சியில் இம்மனப்பாங்கு சட்டமாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சனாதிபதிகளின் உரித்துரிமைகள் சட்டம் முன்னாட் சனாதிபதிகளுக்கு வாசஸ்தலம், வாகனம், அலுவலர் முதலிய வசதிகளைப் பொதுப்பணத்தில் அளித்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்து, எரிபொருளுக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்ற காலத்திலும் அச்சட்டம் அசையவில்லை. 2025 செப்ரெம்பரிலேயே பாராளுமன்றம் அதை நீக்கியது. நீக்கத்தை எதிர்த்தோர் சேவையையும் பாதுகாப்பையும் காரணமாகக் காட்டினர். நாற்பது ஆண்டு பால் வெட்டியதும் ஒரு சேவையே. ஓய்வுபெற்றபின் லயத்து அறையில் தொடர்ந்திருப்பதே பலருக்கு இரங்கிப் பெறவேண்டிய சலுகையாயிருக்கிறது.

சனாதிபதியின் மாளிகையும் மாணவனின் மேலங்கியும் ஓரளவினவல்ல. அவற்றை ஒரே தராசில் இடுவது அநீதியாகும். மாணவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தனக்காகக் கட்டுகிறவரின் பெயர் அவனுக்குத் தெரியும். அவருடைய கைக்காப்பும் தெரியும். அச்சம்பளச் சீட்டைப் பார்த்தபின் சுற்றுலாவுக்குப் போகலாம். மேலங்கியை விட்டுவிட்டுப் போகலாம். பழைய தொலைபேசியோடும் போகலாம். தை மாதத் தவணையைத் தான் கட்டுவதாகச் சொல்லிவிட்டும் போகலாம். விடுமுறை தொடங்கியதும் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கணக்கெழுதப் போகும் மாணவர் இருக்கின்றனர். லயத்து முன்றிலில் ஐந்தாந்தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துவோரும் உள்ளனர். அவ்வகுப்புக்கு இவ்வளவு காசு என்று முன்கூட்டிச் சொல்லாமல், சம்பள நாளில் தாய்மார் கொண்டுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்கின்றனர். வெட்டில்லாத மழை மாதத்தில் அதையும் கேட்பதில்லை.