லுங்கிக் கட்டத்தில் ஒன்பது துண்டு

ஒட்டுப் போர்வைக்கான பிளாக்குகளில் மிக எளியவற்றுள் ஒன்று, ஒன்பது துண்டு. மூன்றுக்கு மூன்று சதுரங்கள், அவ்வளவுதான். வளைவு இல்லை, முக்கோணம் இல்லை. அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சிறுமிகள் ஊசி பிடித்துப் பழகியது இதில்தான். இதற்கு ஒரு மாற்று வடிவம் உண்டு. ஒன்பதையும் தைத்து முடித்த பிறகு, நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று என்று நட்டநடுவில் வெட்டி நான்காக்குவார்கள். சிலவற்றைத் திருப்பி வைத்து மறுபடியும் சேர்ப்பார்கள். பழைய உரு தெரியாமல் போவதால் ‘மறையும் ஒன்பது துண்டு’ என்று பெயர். இதையே கட்டம் போட்ட லுங்கித் துணியில் தைப்பதற்கான குறிப்புகள் இவை.

*

ஏன் லுங்கி? இருக்கும் இடம் அப்படி. இங்கே கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1610-இல் அங்கே கால் ஊன்றி, 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்தின் தலைவாசல் அதுதான். இந்தக் கரையின் பருத்தித் துணி ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் போயிற்று. அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கத் துணிதான் காசு. மலாய் ஆண்கள் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்துக்குப் பழவேற்காட்டின் பெயர்தான். கரீபியத் தீவுகளில், மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும், பெண்கள் விழா நாளில் தலையில் கட்டுவது மதராஸ் கட்டம்.

*

நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்றொரு மக்கள். மதராஸிலிருந்து வந்த கட்டத் துணியை அவர்கள் அப்படியே உடுத்துவதோடு நிறுத்துவதில்லை. பெண்கள் உட்கார்ந்து, நெய்த துணியில் குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து உருவி எடுக்கிறார்கள். உருவிய இடத்தில் வேறொரு உரு பிறக்கிறது. மேலே எதையும் சேர்ப்பதில்லை. நெசவாளி முடித்த இடத்தில் இவர்கள் தொடங்குகிறார்கள். முடிந்த பிளாக்கை வெட்டித் திருப்புகிறவருக்கு இவர்கள்தான் மூத்த உறவு.

*

1950களின் கடைசியில் மதராஸ் கட்டத் துணி அமெரிக்காவில் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. துவைத்தால் சாயம் போயிற்று. அதையே ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள் என்று துணி வியாபாரத்தில் சொல்வார்கள். பிறகு பல நிறக் கட்டங்களை ஒட்டித் தைத்த கோட்டும் கால்சட்டையும் அங்கே கோடைக்கால நாகரிகமாயின. நம் கரைத் துணி ஒட்டுத் துணியானது கடல் தாண்டித்தான். அதை இங்கேயே, இங்குள்ள கையால் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

*

இங்கே ஒட்டுத் தையல் இல்லாமலில்லை. சிப்காட் தொழிற்சாலைகளில் இயந்திரம் துடைக்க மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி வாங்குகிறார்கள். பனியன் கம்பெனியில் வெட்டி விழுந்த துண்டுகளை நாலைந்தாகச் சேர்த்து, கைக்குட்டை அகலத்துக்கு ஓட்டிக் கொடுப்பதும் ஒரு தையல் வேலை. நிறம் பார்ப்பதில்லை, எண்ணெயை இழுத்தால் போதும். ஆனால் அதைத் தைக்கிற பெண்ணின் கை வேகத்தைப் பார்க்க வேண்டும். துண்டை எடுத்த மாத்திரத்தில் எந்த ஓரத்தை எதோடு சேர்ப்பது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒட்டுப் போர்வைக்கு வேண்டிய முதல் திறமை அதுதான். ஒரு ஷிப்டில் கிரீஸ் படிந்து குப்பைக்குப் போகும் துணியில் அந்தத் திறமை கரைகிறது.

*

வேறு இரண்டு மரபுகள். ஒன்று, தேரில் தொங்கும் தொம்பை: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துண்டுகளை வெட்டி, வைத்துத் தைத்த உருளை. தஞ்சை, கும்பகோணம் பக்கம் இதைத் தைக்கும் குடும்பங்கள் உண்டு. இன்னொன்று, வீட்டில் பழம்புடவைகளை மடித்து அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் விரிப்பு. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இங்கே தெலுங்கு பேசும் வீடுகளில் ‘பொந்த’ என்பார்கள். வட கர்நாடகக் காடுகளில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி இதற்கு உறவு. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நாலு மூலையிலும் ‘பூ’ வைக்காமல் அதை முடிப்பதில்லை.

*

இனி வேலை.

புது லுங்கியை அப்படியே வெட்டக் கூடாது. கஞ்சி போக நனைத்துத் துவைக்க வேண்டும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். ஒரு வெள்ளைத் துணியைக் கூடவே ஊறவைத்தால் சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். போனால், தண்ணீர் தெளியும் வரை அலசிய பிறகே வெள்ளையோடு சேர்க்கலாம். காய்ந்ததும் நாமே லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட வேண்டும். விறைப்பாக இருக்கும் துணிதான் நேராக வெட்டுப்படும்.

ஸ்கேலை ஓரத்தில் வைக்காமல் நூலில் வைக்க வேண்டும். கட்டத் துணியின் பெரிய வசதி, கோடு போட்டே வருகிறது.

*

அளவு: ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம். மூன்று சதுரம் சேர்ந்தால் 14 அங்குலம். நட்டநடுவில், 7-இல் வெட்டு. நான்கையும் திரும்பச் சேர்த்தால் பதின்மூன்றரை; பக்கத்து பிளாக்கோடு தைத்த பின் நிற்பது 13.

வெட்டிய ஒவ்வொரு கால் பகுதியிலும் ஒரு முழு மூலைத் துண்டு, இரண்டு பாதிப் பக்கத் துண்டு, நடுத்துண்டில் கால்வாசி.

மூலைக்கு லுங்கி. பக்கத்துக்கு வெள்ளை வேட்டி. நடுவுக்குப் பழம்புடவையின் அரக்குச் சிவப்பு.

*

திருப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களை மட்டும் திருப்புவார்கள். கால் வட்டமும் திருப்புவார்கள், அரை வட்டமும் திருப்புவார்கள். பூப்போட்ட துணிக்கு எதுவும் சரி. லுங்கிக்கு அப்படியில்லை.

கால் வட்டம் திருப்பினால் நெடுக்கு நூலான பாவு படுத்துக்கொள்கிறது, குறுக்கு நூலான ஊடை எழுந்து நிற்கிறது. கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும் லுங்கிக் கட்டம் பெரும்பாலும் சரியான சதுரம் இல்லை. பாவில் இருக்கும் நெருக்கம் ஊடையில் இருப்பதில்லை. ஆகவே கோடுகள் தையலில் சந்திக்காமல் வழுக்கும். அது மட்டுமில்லை. தறியில் இழுபட்டு நின்ற பாவு அவ்வளவாக நீளாது, ஊடை நீளும். இரண்டையும் ஒரே தையலில் சேர்த்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழும். இஸ்திரிப் பெட்டியால் அதைச் சரிசெய்ய முடியாது.

அரை வட்டம் திருப்பினால் பாவு பாவாகவே நிற்கும்.

*

நான்கு கால்களையும் அரை வட்டம் திருப்பினால்?

நான்கு மூலைத் துண்டுகளும் நடுவில் கூடுகின்றன: 9 அங்குல லுங்கிச் சதுரம் ஒன்று. சுற்றிலும் 2 அங்குல வெள்ளைப் பட்டை. நாலு ஓர மூலையிலும் சிறு சிவப்பு. இப்படிப்பட்ட பிளாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் பட்டைகள் இணைந்து 4 அங்குலமாகின்றன, சிவப்புகள் இணைந்து 4 அங்குலச் சதுரமாகின்றன. நிறப் பரப்பு, குறுக்கும் நெடுக்கும் ஓடும் வெள்ளைப் பட்டை, இரண்டும் வெட்டும் இடத்தில் மூன்றாவது நிறம். இது லுங்கியின் கட்டமேதான், போர்வை அளவுக்கு வளர்ந்தது. வேறொரு நாட்டின் பிளாக்கை நாலு முறை திருப்பியதில் பழவேற்காட்டுக் கட்டம் வந்து நிற்கிறது. துணி சொன்னபடி திருப்பியதால் வந்தது இது.

முதலிலேயே 9 அங்குலமாக வெட்டி, பட்டை வைத்துத் தைக்கலாமே என்று கேட்கலாம். முழுத் துணி இருந்தால் தைக்கலாம். கிழிந்த லுங்கியில் அவ்வளவு பெரிய நல்ல இடம் கிடைக்காது. 5 அங்குலம் கிடைக்கும். ஒட்டுத் தையல் கைகொடுப்பது அந்தத் தேவையில்தான்.

*

கவனிக்க: நான்கு மூலைகளும் நடுவில் கூடும்போது கட்டம் பொருந்த வேண்டும். நான்கையும் கட்டத்தின் ஒரே புள்ளியிலிருந்து வெட்ட வேண்டும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும் கட்டமாகப் பார்த்து எடுப்பது நல்லது. தைக்கும்போது கோட்டின் மேல் கோடு வைத்து ஊசி குத்தி நிறுத்தி, பிறகு மெஷினில் விட வேண்டும். தையல் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் சந்திப்பு தடிக்காது.

*

ஒருவர் படுக்கும் போர்வைக்கு நாலுக்கு ஆறு, 24 பிளாக்: 52க்கு 78 அங்குலம். மூலைத் துண்டு 96. முழு லுங்கி ஒன்றில் தேறும்; ஆனால் கட்டம் பார்த்து வெட்டினால் கொஞ்சம் வீணாகும், இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே பஞ்சு வேண்டாம். இந்த ஊர் வெக்கைக்கு இரண்டு மடிப்பு பழம்புடவை போதும். அடியில் ஒரு புடவை. மூன்றையும் நூலோட்டிப் பிடித்து, கட்டக் கோட்டின் மேலேயே கையால் ஓட்டுத் தையல். ஓரத்துக்கு கிராஸ் பட்டி.

*

தையல் வகுப்புகளில் முதல் பாடம் நேர்த் தையல். தாளில் ஓட்டச் சொல்வார்கள், பிறகு தலையணை உறை. அந்த இடத்தில் இந்த பிளாக்கை வைக்கலாம். நேர்த் தையல், பாவு ஊடை அறிவது, கால் அங்குலம் பிசகாமல் விடுவது, கட்டத்தைப் பொருத்துவது என்று நான்கும் ஒரே துண்டில் கைக்கு வரும். கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வைத்துத் தைக்கிறவரைத்தான் நல்ல டெய்லர் என்கிறோம். வேஸ்ட் துணி ஓட்டும் கைகள் அந்த இடத்துக்குப் போக வழி வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு பழைய லுங்கியும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும்தான்.