கடல் கடந்த ஒரு மௌலவியின் ஏழு நாட்கள்



மகன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்றால் நம் வீடுகளில் அடுத்த கேள்வி, "என்ன வேலை?" என்பதுதான். கட்டுமானம், கப்பல் பட்டறை, உணவகம், கணினி என்று எதைச் சொன்னாலும் முகம் மலரும். "பள்ளிவாசலில் ஓதிக் கொடுக்கிறான்" என்றால் மட்டும் ஒரு கணம் பேச்சு நிற்கும். "அதற்கா அவ்வளவு தூரம்?" என்று வாய்விட்டே கேட்பவர்களும் உண்டு. பெண் கேட்டுப் போன இடத்தில் இதே காரணத்தால் மறுத்தவர்களையும் நான் அறிவேன். அந்த வேலையில் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னர் மறுப்பதானால் மறுக்கட்டும்.

தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் மூங்கில்துறைப்பட்டிலிருந்து சென்ற மாணவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். தந்தையார் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் ஓட்டுநர். மகன் ஏழாண்டுகள் ஓதி, மௌலவி சனது பெற்று, இருபத்து நான்காம் வயதில் கடல் கடந்தார். வாரம் ஒருமுறை எனக்குக் குரல்பதிவு அனுப்புவது அவர் வழக்கம். மதரஸாவில் அவருடைய தமிழைத் திருத்தியவன் நான் என்பதால், இன்னும் சொல்லுக்குச் சொல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் வேர் ஆழமானது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்குச் சென்ற சூலியா முஸ்லிம்கள், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை 1826-ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார்கள். இன்று நாம் காணும் கட்டடம் 1830-க்கும் 1835-க்கும் இடையில் எழுந்தது. அங்கும், டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலும், வேறு சில பள்ளிகளிலும் தமிழில் ஜும்ஆ உரை நிகழ்கிறது. சனதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவரும் அங்கு மார்க்கக் கல்வி போதித்துவிட முடியாது. 2017-ஆம் ஆண்டு முதல் போதகர் ஒவ்வொருவரும் முறைப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம்.

அங்கு சுப்ஹு பாங்கு சொல்லும்போது நம் கடிகாரத்தில் மணி ஏறத்தாழ மூன்றேகால். அந்த ஒலி தெருவில் கேட்காது. பல்லாண்டுகளுக்கு முன்பே ஒலிபெருக்கிகளைப் பள்ளியின் உட்புறமாகத் திருப்பிவிட்டார்கள். வீடுகளுக்கு வானொலிதான் பாங்கைக் கொண்டு சேர்க்கிறது. ஆரம்பத்தில் இது அவருக்குப் பெரிய வெறுமையாக இருந்ததாம். நம் ஊரில் நான்கு திசையிலும் பாங்கு கேட்டு வளர்ந்த பிள்ளை அல்லவா!

திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் குழந்தைகளுக்குக் குர்ஆன் வகுப்பு. அக்குழந்தைகளின் தாய்மொழி தமிழ் என்று பதிவேட்டில் இருக்கிறது, நாவிலோ ஆங்கிலம்தான். இவருடைய ஆங்கிலமோ நம் ஊர் உயர்நிலைப் பள்ளியோடு நின்றுவிட்டது. ஒரு சிறுமி முதல் மாதத்திலேயே, "உஸ்தாத், நீங்கள் எங்கள் தமிழைத் திருத்துங்கள்; நாங்கள் உங்கள் ஆங்கிலத்தைத் திருத்துகிறோம்" என்று ஒப்பந்தம் பேசிவிட்டாளாம். ஒப்பந்தம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பகல் வேளைகளில் முதியோர் இல்லம், மருத்துவமனை, மணவிலக்கு வரை வந்துவிட்ட தம்பதியர் என்று அழைப்புகள் வரும். வெள்ளியன்று ஜும்ஆ. 1968-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமே உரையை எழுதித் தமிழிலும் தருகிறது. "பிறகு உனக்கு என்ன வேலை?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். உரையைத் தடுமாறாமல், ழகரம் பிசகாமல், எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் படிப்பதற்கு வியாழன் இரவு முழுவதும் போய்விடுகிறது என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு உலகம். அன்றுதான் நம் தொழிலாளர்களுக்கு விடுமுறை. தொழிலாளர் விடுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வருபவர்கள் ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியின் தூணோரம் உட்கார்ந்துவிடுவார்கள். மார்க்கச் சட்டம் கேட்க வருபவர் குறைவு. முகவரிடம் கட்டிய கடன், தங்கையின் திருமணம், மனைவியோடு தொலைபேசியில் மூண்ட சண்டை என்று இவற்றையே கொண்டு வருகிறார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஏப்ரலில் விடுதிகளுக்குள் நோய் பரவி, அவர்கள் அறைகளுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். இவர் அப்போது இங்கு ஓதிக்கொண்டிருந்தார். "நான் பதில் சொல்வதில்லை ஹஜ்ரத், உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் ஒருமுறை.

அதைக் கேட்டபோது எனக்கு முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. மக்காவின் செல்வக் குடும்பத்தில் நறுமணம் பூசி வளர்ந்த இளைஞர் அவர். கி.பி. 621-இல் முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின், யஸ்ரிப் மக்களுக்குக் குர்ஆன் கற்பிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தது அவரைத்தான். அங்கே அஸ்அத் இப்னு சுராரா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார். உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியோடு வந்து நின்று மிரட்டியபோது அவர் வாதாடவில்லை. உட்கார்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுகிறோம் என்றுதான் சொன்னார். உஸைத் ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு அமர்ந்தார். அடுத்து வந்த ஸஅத் இப்னு முஆதும் அமர்ந்தார். நான்காண்டுகளுக்குள் உஹதுப் போரில் முஸ்அப் (ரலி) ஷஹீதானார்கள். கஃபனாக இருந்தது ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்வையால் மூடி, கால்களின் மேல் இத்கிர் புல்லை இட்டு அடக்கம் செய்தார்கள்.

கஃபனைப் பற்றிச் சொன்னதால், சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்றிருந்த இருபத்தாறு வயது இளைஞர், இரவு படுத்தவர் காலையில் எழவில்லை. மாரடைப்பு. ஞாயிறுதோறும் தூணோரம் உட்காருபவர்களில் ஒருவர். உடலைப் பதப்படுத்தி, தூதரகத் தாள்கள் பெற்று, விமானத்தில் ஊருக்கு அனுப்பலாம், நாட்கள் ஆகும். அல்லது குடும்பம் சம்மதித்தால் அங்கேயே விரைவாக அடக்கம் செய்யலாம். கேட்பது யார்? அறைத் தோழர்கள் தொலைபேசியை நம் மௌலவியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இவர் எதையும் வலியுறுத்தவில்லை. இரண்டு வழிகளையும் எடுத்துச் சொன்னார். மறுமுனையில் அந்த அத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயே அடக்கினால், என்றைக்காவது நாங்கள் வந்து கபுரைப் பார்க்கலாமா, மௌலவி?" என்று கேட்டார்.

வாசகர்களே, சிங்கப்பூரில் இடம் குறைவு. புதிய அடக்கங்களுக்குத் திறந்திருக்கும் மையவாடி சுவா சூ காங்கில் உள்ளது ஒன்றே. அங்கும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கபுரைத் தோண்டி, எஞ்சியவற்றை மற்றவர்களுடையவற்றோடு சேர்த்து வேறு குழியில் அடக்கிவிடுவார்கள். 1998-ஆம் ஆண்டு முதல் இதுவே விதி. பெற்ற மகனை இழந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம் இதைச் சொல்வதா? "பார்க்கலாம் அத்தா" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் மார்க்கத்தின் பெயரால் தம்மை நம்பிக் கேட்பவரிடம் பாதி உண்மை சொல்ல அவருக்கு நா எழவில்லை. முழுவதையும் சொன்னார்.

அத்தா மனைவியிடம் பேசிவிட்டு அரை மணி கழித்து அழைத்தார். "அடக்கிவிடுங்கள். நீங்களே குளிப்பாட்டுவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

இவர் அதற்கு முன் தனியாக ஒரு மையித்தைக் குளிப்பாட்டியதில்லை. நம் ஊரில் பெரியவர்கள் செய்ய, அருகில் நின்று தண்ணீர் ஊற்றியதோடு சரி. அறைத் தோழர்கள் மூவரும் கூட நின்றார்கள். மூவருக்கும் அதுவே முதல் முறை. ஒருவர் கையில் குவளை நடுங்கிக்கொண்டே இருந்ததாம். அந்த இளைஞரின் உள்ளங்கையில் சிமெண்டு தோலோடு தோலாகப் படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் முழுவதும் போகவில்லை என்று சொன்ன இடத்தில் குரல்பதிவு நின்றுவிட்டது. மீதியை மறுநாள்தான் அனுப்பினார். அஸருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை. மறுநாள் வழக்கம்போல் குழந்தைகளின் வகுப்பு.

இந்தச் செய்தியை அவருடைய தாயாரிடம் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அதுவரை, "எப்போது ஊருக்கு வந்து சேருவான்?" என்று மாதந்தோறும் மதரஸா வாசலில் வந்து கேட்பவர், அதன்பின் கேட்கவில்லை. இரண்டு தாய்மார்களும் இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்களாம். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவருடைய பணி அனுமதி இவ்வாண்டு முடிகிறது. நீட்டிப்பதா, திரும்புவதா என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். இஸ்திகாரா தொழுது முடிவெடுக்கும்படி பதில் எழுதினேன். நேற்று வந்த குரல்பதிவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடுதியில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அலிஃப், பா தொடங்கியிருக்கிறாராம். பெரியவர்களுக்கு ஏற்ற பெரிய எழுத்துக் காயிதா பன்னிரண்டு பிரதிகள் அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்கிறார்.