பாடில்லாத நாள்

பெங்களூரிலிருந்து என் மைத்துனர் தம் இரு குழந்தைகளுடன் இரண்டு நாள் விடுமுறையில் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் விருந்தினருக்குக் காட்ட என்ன இருக்கிறது? சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளைக் குழந்தைகள் வரும் வழியிலேயே பார்த்துவிட்டார்கள். "கடல் வேண்டும் மாமா" என்றாள் மூத்தவள். பொன்னேரி வரை மின்சார இரயில், அங்கிருந்து பேருந்து. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பழவேற்காட்டில் இறங்கிவிட்டோம்.

முதலில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. 1656ஆம் ஆண்டைச் சேர்ந்த வாயில் அது. சின்னவன் அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான்; பிறகு அவனே ஐந்து முறை வெளியே போய் அந்த வாயில் வழியாகவே நுழைந்துவந்தான். உள்ளே கருங்கற்பலகைகளில் கப்பல்களும் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. தொல்லியல் துறை காத்துவருவதால் புதர் மண்டவில்லை.

அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1613இல் எழுந்த அக்கோட்டை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாய் இருந்தது. இன்று அங்கே முட்செடிகளும் மேடுபள்ளமுமே மிச்சம். மைத்துனர் ஏமாற்றத்துடன், "இதற்குத்தானா இவ்வளவு தூரம்?" என்றார். அவருக்கு நான் அறிந்ததைச் சொன்னேன். மொலுக்கத் தீவுகளின் சாதிக்காயையும் கிராம்பையும் வாங்க அவர்களுக்கு நம் நெசவாளரின் துணி தேவைப்பட்டது. அதற்காகவே இங்கு வந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் மனிதரையும் வாங்கினார்கள். 1620களில் இத்துறையிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குச் சென்றன. பஞ்ச காலங்களில் பசி தாளாமல் பெற்றோரே பிள்ளைகளை விற்றதுண்டு. சற்று முன் நாங்கள் படித்துவந்த கற்பலகைகளில் அந்தப் பிள்ளைகள் ஒருவரின் பெயரும் இல்லை. மைத்துனர் பிறகு ஒன்றும் பேசவில்லை.

சின்னப் பள்ளிவாசலில் வெயிலின் நிழலால் மணி காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் புனித மகிமை மாதா ஆலயத்திற்குச் சென்றோம். 1515இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயத்தின் வழித்தோன்றல் அது. இப்போது நிற்பது புதிய கட்டடம். பழையதைத் தேடிவருவோர் ஏமாறக்கூடும். நாங்கள் சிறிது நேரம் அமர்ந்து செபித்துவிட்டு ஏரிக்கரைக்கு இறங்கினோம்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இது. தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாய்த் தெரிந்தன. குழந்தைகளின் கண்களோ கரையோரப் படகுகள்மேல்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "முகத்துவாரம் வரைக்கும் போய் வரலாம் சார். குழந்தைங்களுக்குப் பாதி காசு போதும்" என்றார்.

எனக்குத் தெரியாததன்று. 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விடுமுறையை மகிழ்ச்சியாய்க் கழிக்க வந்தவர்கள், பிள்ளைகளும் இருந்தனர். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த நாளில் எங்கள் ஊரில் ஒலித்த அழுகையை நான் மறக்கவில்லை. ஆயினும் பெங்களூர்க் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து இருநூறு ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

படகை நோக்கி நடக்கையில் மூத்தவள் கேட்டாள்: "மாமா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது. படகில் மிதவைச் சட்டை ஒன்றுகூட இல்லை. நான் நின்றுவிட்டேன்.

மீனவர் வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த இருநூறை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு எங்களுக்குப் பாடு இல்லை சார். அதான் கேட்டேன்" என்றார்.

பாடு என்றதும் நம்மவருக்குத் தவக்காலந்தான் நினைவுக்கு வரும். அவர் சொன்னது வேறு. முகத்துவாரத்தை அண்டிய இடங்களில்தான் இறால் மிகுதியாக ஓடும். அங்கே சுத்துவலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நாள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டு வந்திருக்கின்றன. எவருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்த முறைக்கே பாடு என்று பெயர். நல்ல இடமெல்லாம் வலியவனுக்கே போய்விடாதபடி முன்னோர் கண்ட ஏற்பாடு. பாட்டுரிமையே இல்லாத மக்களும் இவ்வேரியை நம்பி வாழ்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடும் ஆண்டுகளில் பாடு உள்ளவருக்கும் வலையில் ஒன்றும் விழாது.

"அந்த விபத்து நடந்தப்போ நானும் தண்ணியில இறங்கித் தேடினேன் சார்" என்றார் அவர். அப்படியிருந்தும் எங்களை ஏற்றிச்செல்ல வந்தீர்களே என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. தெரிந்தே பணம் கொடுத்தவன் நான்தானே. நூறு ரூபாயாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினேன். தலையை அசைத்து மறுத்துவிட்டு, "சந்தையில வீட்டுக்காரி நண்டு விக்கிறா. வேணும்னா வாங்கிக்குங்க" என்று திசையைக் காட்டினார்.

சந்தையில் அந்த அம்மாளைக் கண்டுபிடித்தோம். கால்களைக் கட்டி ஈரச் சாக்கில் வைத்திருந்த நண்டுகளில் இரண்டு கிலோ வாங்கினோம். என் மனைவி பேரம் பேசவில்லை. இது எங்கள் வீட்டில் அரிது. பக்கத்துக் கடையில் அவள் பார்த்துப் பார்த்து எடுத்த பனையோலைக் கூடையிலேயே நண்டுகளை வைத்துக்கொண்டோம். பொன்னேரிப் பேருந்தில் கூடை சின்னவனின் காலடியில் இருந்தது. அது அசையும்போதெல்லாம் அவன் கால்களைத் தூக்கிக்கொண்டான்.