வலித்தால் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் வாழும் எங்கள் பெரியவர்கள் பலர் பல் டொக்டரின் கதிரையில் சாய்ந்துவிட்டால் எவ்வளவு வலித்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். ரூட் கனால் என்றால் வலிக்கத்தான் செய்யும், இடையில் மறிப்பது மரியாதையில்லை என்பது அவர்களது நினைப்பு. இந்தப் பொறுமை சிகிச்சைக்கே கெடுதல். பல்லின் வேருக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களை மெல்லிய அரங்களால் அடிவரை துப்புரவாக்குவதுதான் ரூட் கனால். வலியில் தலையை இழுத்துக்கொண்டிருப்பவரின் வாயில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது.

ஊசி போட்ட இடம் விறைத்துவிட்டதா என்பது டொக்டருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். முழுவதும் தெரியாது. 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய லிடோகெயின் என்ற விறைப்பு மருந்தை அட்ரினலின் கலந்து போடுவதே இங்கே வழக்கம். நரம்பு இழைக்குள் சோடியம் நுழையும் வழியை அடைத்து வலியை மறிப்பது அதன் வேலை. பற்கூழ், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசு, அழன்றிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் அது அடிக்கடி தோற்றுப்போகிறது. அழற்சி நரம்பின் உணர்வைக் கூர்மையாக்கிவிடுகிறது; அங்குள்ள அமிலத்தன்மை மருந்து நரம்புக்குள் இறங்குவதையும் குறைக்கிறது. கீழுதடு முற்றாக விறைத்திருக்கும். ஆனாலும் துளைகருவி பற்கூழைத் தொட்டதும் உயிர்போகும் வலி எழும். குளிர் வைத்துச் சோதித்தாலும் கடைசிச் சாட்சி நோயாளிதான். அவர் சொன்னால் வேறு வழிகள் உண்டு: பல்லருகே ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு விறைப்பு மருந்து, பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் இடுக்கில் ஊசி, தேவைப்பட்டால் பற்கூழுக்குள்ளேயே ஊசி.

கூடுதல் ஊசி இதயத்துக்குக் கூடாது என்ற பயமும் எங்களிடையே உண்டு. அட்ரினலினால் சிலருக்குச் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கும் என்பது உண்மையே. இதய நோயையும் எடுக்கும் குளிசைகளையும் முன்கூட்டியே சொன்னால் டொக்டர் அளவைக் குறைப்பார், அல்லது அட்ரினலின் இல்லாத மருந்தைத் தெரிவுசெய்வார். வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தால் மட்டும் இதயத்துக்கு நல்லதா? வலியும் பயமும் உடம்பையே அட்ரினலின் சுரக்க வைக்கின்றன.

ரூட் கனாலுக்குப் பிறகு பல்லின் மேல் போடும் உறைதான் கிரவுன். நரம்பு எடுத்த பல்லுக்கு எதற்கு ஊசி என்று மறுப்பவர்கள், முரசு உயிரோடிருப்பதை மறந்துவிடுகிறார்கள். முரசோரம்வரை பல்லைச் சீவும்போதும் அளவெடுப்பதற்காக முரசை ஒதுக்கி நூல் திணிக்கும்போதும் வலிக்கும். கிரவுனை ஒட்டும் நாளிலோ பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. கடித்துப் பார்த்து, உயரம் சரியா என்று நோயாளி சொல்லவேண்டும். அதற்கு உணர்வு இருப்பதே நல்லது. அன்றும் அவரது சொல்லே அளவுகோல்.

ஆங்கிலம் தடையென்றால், என்எச்எஸ் சிகிச்சைக்கு நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசில்லை. அந்தச் சிகிச்சையில் விறைப்பூசிக்குத் தனிக் கட்டணமும் இல்லை. அம்மா, அப்பாவை அழைத்துப்போகும் பிள்ளைகள், இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்தவேண்டும் என்று டொக்டரோடு முதலிலேயே பேசி வையுங்கள். வலித்தால் அந்தக் கையை உயர்த்தும்படி பெற்றோருக்கும் அழுத்திச் சொல்லுங்கள்.