போர்ட்டோ நோவோ கொள்ளுத்தாத்தா

நெய்வேலி டவுன்ஷிப்பில் பொங்கல் வந்தால் பாதி குவார்ட்டர்ஸுக்குப் பூட்டுதான். எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு... நாங்கள் மட்டும் எங்கேயும் போவதில்லை. காரணம், எங்கள் சொந்த ஊர் இங்கேயேதான் இருந்தது. 'இருந்தது' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளவும்.

1956-ல் நிறுவனம் வந்தது. அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஊர் போனது. ஐம்பது மீட்டருக்கும் மேல் மண்ணை வழித்தால்தான் இங்கே கரி. எடுத்து முடித்த பிறகு வேறு பக்கம் வழித்த மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே மரமும் நட்டுவிட்டார்கள். ஆக, எங்கள் ஊர் இருந்த இடம் இருக்கிறது. மண்தான் எங்கள் மண் இல்லை!

இதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. ஆபீஸ் கேன்டீனில் பேச்சு வரும்போதெல்லாம், "நீங்கல்லாம் பிழைக்க வந்தவங்க சார். நாங்கதான் பூர்வீகம்" என்று ஒரு போடு போடுவேன்.

அந்தத் திமிருக்கு வேட்டு வைத்தது அப்பாவின் டிரங்குப் பெட்டி.

எண்பதை நெருங்கும் அப்பா ஒருநாள் அதைக் குடைந்து, பழுப்பேறிய காகிதக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லேன்டா."

1894-ம் வருஷ நில எடுப்புச் சட்டப்படி தாத்தாவுக்குக் கொடுத்த அவார்டு நகல். சர்வே நம்பர், ஏக்கர், சென்ட். கீழே பட்டியல்: கூரை வீடு ஒன்று, கிணறு ஒன்று, தென்னை மூன்று, புளியமரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அப்பா புளியமரத்திலேயே நின்றுவிட்டார். "அதுல ஊஞ்சல் கட்டியிருந்தோம்டா" என்றார். நிலம் கொடுத்த குடும்பம் என்று பிற்பாடு அப்பாவுக்குச் சுரங்கத்திலேயே வேலை கிடைத்தது. மண்ணை வெட்டும் 'பக்கெட் வீல்' ராட்சச மெஷினில் ஆபரேட்டர். "நம்ம வீட்டு மேலயே ஓட்டியிருப்பேனோ என்னவோ" என்று சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவார்டில் இன்னொரு வரி இருந்தது. தாத்தா தன் உரிமைக்கு ஆதாரமாக, அவருடைய அப்பா 1927-ல் பதிவு செய்த உயிலைக் காட்டினாராம். உயிலா? எங்கள் வீட்டிலா?

தேடிக்கொண்டு பதிவு அலுவலகம் போனேன். உயில்களை மூன்றாம் நம்பர் புத்தகத்தில் பதிவார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோதான் நகல் தருவார்கள். அவர் போன பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும்.

"எழுதினவர் இறந்துட்டாரா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"இருந்தா நூத்தம்பது வயசு தாண்டியிருக்கும் சார்."

"அப்ப சரி" என்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நகல் வந்தது. வக்கீல் எழுதிய கம்பீரமான இங்கிலீஷ். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில்தான் முற்றுப்புள்ளி. கடைசியில், 'தமிழில் படித்து விளக்கப்பட்டது' என்று எழுதி, கொள்ளுத்தாத்தாவின் இடது கை பெருவிரல் ரேகை!

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். 'முன்பு போர்ட்டோ நோவோவில் குடியிருந்த...'

"அது எங்கடா இருக்கு?" என்றார் அப்பா.

"போர்ச்சுகல்லயோ என்னமோ!"

அம்மா என் கலரை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகுதான் உறைத்தது. போர்ட்டோ நோவோ என்றால் நம் பரங்கிப்பேட்டை! போர்ச்சுகீசியர் வைத்த பெயர். 'புதுத் துறைமுகம்' என்று அர்த்தம். 1781-ல் ஹைதர் அலியும் வெள்ளைக்காரத் தளபதி அயர் கூட்டும் மோதிக்கொண்ட ஊர். 1830-களில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் அங்கே இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாதுவை மரக்கரி போட்டு உருக்குவார்கள். விறகுக்காகக் காடு காடாக அழித்தும் ஆலை நிலைக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் பூமிக்கடியில் இத்தனை கரி கிடந்தது பாவம் மனுஷனுக்குத் தெரியாது.

கொள்ளுத்தாத்தா ஏன் கிளம்பி வந்தார் என்று உயிலில் இல்லை. பிழைக்கத்தான் வந்திருப்பார். கேன்டீனில் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அப்பாவைப் பிடித்து உலுக்கியது வேறொரு ஷரத்து. புளியமரத்து வருமானத்தில் வருஷா வருஷம் கார்த்திகையன்று போர்ட்டோ நோவோ சிவன் கோயிலில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார் பெரியவர். அதே புளியமரம்! தாத்தா ஏற்றினாரா, அப்பாவுக்கு நினைவில்லை. மரம் போனபிறகு யாரும் ஏற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"அறுபது வருஷத்துக்கு மேல பாக்கிடா" என்றார். அன்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை.

கார்த்திகையன்று ஒரு லிட்டர் நல்லெண்ணெயோடு கிளம்பினோம். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பஸ். எண்ணெய்ப் பாட்டிலை யாரிடமும் தராமல் அப்பாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கோயிலில் விளக்கேற்றி முடித்ததும் குருக்கள், "வெளியூரா? எந்த ஊர் நீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

எத்தனையோ தரம் அப்பா பதில் சொன்ன கேள்வி. இந்தத் தடவை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊர்தாங்க" என்றார்.