பூனையின் தவமும் ஆய்வகத்துச் சுண்டெலியும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் அப்பா அதிகம் பேசவில்லை. மகள் சுண்டெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆராய்ச்சி முடிந்ததும் அவை என்னவாகின்றன என்பது போன வாரம்தான் தெரிந்தது.

அர்ச்சுனன் தபசு பாறையின் முன் நின்றார்கள். ஒரு பூனை முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பி, காலடியில் எலிகள்.

"நீ எலிக்கு அப்படி என்னம்மா பண்றே?"

மகள் விளக்கினாள். மரபணு ஒரு தலைமை அலுவலகம் மாதிரி. 'இந்தப் புரதத்தைத் தயார் செய்' என்று அங்கிருந்து வரும் கடிதம்தான் தூது ஆர்.என்.ஏ. கடிதத்தின் ஒரு வரிக்குப் பொருந்தும்படி, சுமார் 21 எழுத்து நீளத்தில் குட்டி ஆர்.என்.ஏ. செய்து உள்ளே அனுப்பினால், செல்லே அந்தக் கடிதத்தைத் தேடி வெட்டிவிடும். மரபணு அழியாது. அதன் பேச்சு மட்டும் கொஞ்ச காலம் எடுபடாது.

இந்த வழியைப் புழுக்களில் 1998-ல் கண்டறிந்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், குட்டி ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதோடு கொலஸ்ட்ரால் மூலக்கூறை இணைத்து, சுண்டெலிகளின் கல்லீரலில் ஒரு மரபணுவை அடக்கியதாக 2004-ல் ஒரு குழு அறிவித்தது. அவற்றின் ரத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த வேதியியலாளர் முத்தையா மனோகரன் அந்தக் குழுவில் ஒருவர். தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி என்ற கணக்கில் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்லிசிரான் மருந்தும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

தினமும் ராத்திரி கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர் அப்பா. கவனமாகக் கேட்டார்.

"சரி... அந்த எலிங்க?"

"கல்லீரலை எடுத்துப் பார்த்தாத்தான் மரபணு அடங்கிச்சான்னு தெரியும்ப்பா. வலி தெரியாமதான்..." அவளால் முடிக்க முடியவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது என்பதையும் சொன்னாள்.

அப்பா பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோடது பொய்த் தவம்மா. உன்னோடது நிஜமா இருக்கணும்."

மறுநாள் காலை, குழுவுக்கு அனுப்ப வைத்திருந்த விண்ணப்பத்தை அவள் திறந்தாள். எத்தனை எலிகள் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கணக்கை முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.