உப்பு போடாமல் ஒரு பொட்டலம்!

உப்பு விளைகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். மரக்காணம் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், பாத்தி பாத்தியாகக் கண்ணாடி பதித்தாற்போல் நிற்கும் தண்ணீரையும், பக்கத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பையும் பார்க்காமல் தாண்ட முடியாது. தை, மாசியில் பாத்தி கட்டும் வேலை ஆரம்பித்தால், ஐப்பசி மழை இறங்கும் வரை எங்கள் ஊருக்கு வேறு பேச்சே கிடையாது. வெயில் கொளுத்தினால் ஊரெல்லாம் சபிக்கும். நாங்கள் மட்டும் சந்தோஷப்படுவோம்!

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து டாக்டர், "இனிமேல் உப்பைக் குறைக்கணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ரத்தக் கொதிப்பு. தலைவலி, மயக்கம் என்று எதுவுமில்லை. ஊரில் நடந்த மருத்துவ முகாமில் சும்மா கையை நீட்டினார், கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வியாதியின் குணமே அதுதான். சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

வீட்டுச் சமையலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். குழம்பு, ரசம், பொரியல், மோர், இட்லி மாவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு ஸ்பூன்! ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு நான்கையும் தட்டை விட்டு நகர்த்தினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால் அவரே, "இன்னா இது, இப்படிக் கரிக்குது!" என்கிறார்.

சிக்கல் வாசப்படியைத் தாண்டியதும்தான் ஆரம்பித்தது. கல்யாணம், காட்சி, கோயில், குளம் எங்கே கூப்பிட்டாலும், "நீ போயிட்டு வா, நான் வரலை" என்று ஒதுங்க ஆரம்பித்தார். ஒருமுறை ஓர் ஓட்டலில், "சாம்பாருக்கு உப்பு கம்மியா இருக்குமா தம்பி?" என்று கேட்டதற்குப் பரிமாறியவர், "அதெல்லாம் வீட்ல போய்ச் சாப்பிடுங்க சார்" என்று சத்தமாகச் சொல்ல, நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து இவருக்கு வெளிச் சாப்பாடு என்றாலே ஒரு கூச்சம். வியாதியை விட அந்தக் கூச்சம்தான் அவரை வீட்டிலேயே முடக்கிப் போட்டது. அவர் கூட வராத இடத்துக்கு நான் மட்டும் எங்கே போவது? இருவருமே வீட்டோடு ஆனோம்.

இந்த நிலையில்தான் போன வருஷம் என் மகன் எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான். எங்கள் ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பேரப்பிள்ளைகள் பர்கர் வேண்டும் என்று அடம்பிடிக்க, எல்லோருமாக அந்தக் கடைக்குள் நுழைந்தோம். குளுகுளு அறை, சுவரில் பளபளவென்று படங்கள், நம்பர் போட்ட பட்டியல். இவர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் வேணாம், தண்ணி போதும்" என்றார்.

என் மருமகள் விடவில்லை. கவுன்ட்டரில் நின்ற பையனிடம், "தம்பி, மாமாவுக்கு பி.பி. இருக்கு. உருளைக்கிழங்கு வறுவல் உப்பு போடாம கிடைக்குமா?" என்று கேட்டாள். "கிடைக்கும் அக்கா. புதுசா வறுக்கணும், அஞ்சு நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?" என்றான் அவன். அவ்வளவுதான்! முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. பர்கரிலும் சீஸ், ஊறுகாய் வெள்ளரி, சாஸ் மூன்றையும் எடுத்துவிட்டு, தக்காளியும் வெங்காயமும் கூடுதலாக வைத்துக் கொடுத்தான். ஆவி பறக்கும் வறுவலை இவர் ஒவ்வொன்றாக எடுத்து ஊதி ஊதித் தின்றதைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீடு திரும்பியதும் எனக்கு ஒரே யோசனை. பட்டியலில் இல்லாததை எப்படிச் செய்து கொடுத்தான்? மகனைக் குடைந்து குடைந்து கேட்டேன், நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நம் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அவசரச் சாப்பாட்டுக் கடைகளின் ஆரம்பமே, "கேட்டபடி செய்து தரமாட்டோம்" என்பதுதானாம்! 1948-ல் அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் தங்கள் கடைப் பட்டியலை ஒன்பதே அயிட்டங்களாகக் குறைத்தார்கள். எல்லா பர்கரும் ஒரே மாதிரி, ஒரே சாஸ், ஒரே அளவு. அதனால்தான் வேகமும் வந்தது, விலையும் குறைந்தது. அதே 1948-ல் அதே கலிபோர்னியாவில் தொடங்கிய இன்-அண்ட்-அவுட் என்ற இன்னொரு கடையிலோ, பட்டியலில் எழுதாத தினுசுகள் வாய்வழியாகவே பிரபலமாயின. ரொட்டியே வேண்டாம், கீரை இலையில் சுற்றிக் கொடு என்றால்கூடக் கொடுப்பார்களாம். பிறகு 1974-ல் பர்கர் கிங் கம்பெனி, உங்கள் விருப்பப்படியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று விளம்பரமே செய்தது. நம் நாட்டுக்கு 1996-ல் டில்லியில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது, மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல்தான் கடையைத் திறந்தார்கள். கேட்கிறவர்கள் சேர்ந்து கேட்டால், எவ்வளவு பெரிய கம்பெனியும் வளைந்து கொடுக்கும் என்றுதானே அர்த்தம்?

இதில் நமக்கு என்ன புதுமை! நம் ஊர் டிபன் கடையில் காலங்காலமாக நடப்பதுதானே? "ஒரு ஸ்ட்ராங், ஒரு லைட்டு, ஒண்ணுல சர்க்கரை இல்லாம!" என்று சர்வர் குரல் கொடுக்கிறாரே, அந்தச் சர்க்கரை இல்லாத காபி எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? முறுகலாக ஒன்று, எண்ணெய் இல்லாமல் ஒன்று, வெங்காயம் தூக்கலாக ஒன்று என்று கேட்டு வாங்குகிறோம். ஆண்கள் சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். நாம்தான் தயங்குவோம்.

ஆனால் கேட்பதற்கும் ஒரு விவரம் வேண்டும். எது கடைசி நிமிஷத்தில் சேர்வது, எது முன்பே சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு கேட்டால், அவர்களுக்கும் சிரமமில்லை, நமக்கும் மரியாதை.

உருளைக்கிழங்கு வறுவலுக்கு எண்ணெயிலிருந்து எடுத்த பிறகுதான் உப்பு தூவுவார்கள். அதனால் இல்லாமல் தர முடியும். முன்பே தூவி வைத்தது உதவாது என்பதால் புதிதாக வறுக்க வேண்டும். அதுதான் அந்த அஞ்சு நிமிஷம். (சுடச்சுட வேண்டும் என்பதற்காகவே சிலர் உப்பில்லாமல் கேட்டுவிட்டு, அப்புறம் உப்புப் பொட்டலத்தை வாங்கித் தூவிக்கொள்கிறார்களாம்! அதற்கு, "புதுசா வறுத்துக் கொடுங்க தம்பி" என்று நேராகவே கேட்டுவிடலாமே?) சாஸ், சீஸ், ஊறுகாய் வெள்ளரி இவையெல்லாம் மேலே வைப்பவை, எடுத்துவிடலாம். உப்பு அதிகம் உள்ளவையும் இவைதான். ஆனால் உள்ளே வைக்கும் வடை மாதிரியான வட்டத்திலும், ரொட்டியிலும் உப்பு ஏற்கெனவே கலந்தது. அதை யாரும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே உப்பே இல்லாத பர்கர் என்று ஒன்று கிடையாது. குறைந்த உப்பு பர்கர்தான் உண்டு. அதுவும் எப்போதாவது ஒரு நாளைக்குத்தான்.

நம் ஓட்டலிலும் இதே கணக்குதான். இட்லி, தோசை மாவில் உப்பு கரைத்தாகிவிட்டது. சாம்பார் அண்டாவில் கொதிக்கிறது. "உப்பில்லாமல் கொடு" என்றால் பாவம், அவர் எங்கே போவார்? சட்னியைக் குறைக்கலாம், பொடியைத் தவிர்க்கலாம். ஆம்லெட்டை உப்பில்லாமல் அடிக்கச் சொல்லலாம். வெறும் சோறு பெரும்பாலும் உப்பில்லாமல்தான் வடிக்கிறார்கள். அதோடு உப்பு போடாத தயிர் ஒரு கிண்ணம் வாங்கினால் நிம்மதியான சாப்பாடு.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வயது நிரம்பும் வரை குழந்தையின் உணவில் தனியாக உப்பு சேர்க்க வேண்டியதில்லை. அந்தப் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பாரம். "ஒரே ஒரு வறுவல்தானே" என்று வாயில் திணிக்காதீர்கள். பெரிய குழந்தைக்கு நிலக்கடலை, பால், முட்டை என்று ஏதாவது அலர்ஜி இருந்தால், "பிடிக்காது" என்று சொல்லாமல், "ஒத்துக்காது, அலர்ஜி" என்று அழுத்திச் சொல்லுங்கள். பிடிக்காது என்றால் மேலாக எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதே எண்ணெயில், அதே கல்லில் வேறு என்ன போட்டார்கள் என்றும் விசாரியுங்கள். பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள கடைகள் பட்டியலில் கலோரி அளவைப் போட வேண்டும் என்று நம் நாட்டில் 2020-ல் விதியே வந்திருக்கிறது. அலர்ஜி விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. உப்பைக் குறைக்கிறேன் என்று அயோடின் சேர்க்காத உப்புக்கு மாறிவிடாதீர்கள். உப்பளத்துக்காரி நானே கடைப் பாக்கெட்டைத்தான் வாங்குகிறேன். குறைந்த அளவு, ஆனால் அயோடின் உப்பு. சோடியம் குறைத்து, பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு இப்போது விற்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் அன்று அந்தக் கடையில் என் மனதைத் தொட்டது வேறொன்று. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு அந்தப் பையன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி வேணும் அம்மா?" என்று கேட்டான்.

எனக்கா? எங்கள் வீட்டில் தினமும் பட்டியலில் இல்லாத சமையல்தான் நடக்கிறது. மாமியார் இருந்தவரை அவருக்குக் குழைய வடித்த சோறு. இவருக்கு உப்பு குறைச்சல். மகனுக்கு முறுகல் தோசை. சின்னவளுக்கு மிளகாய் பொறுக்கிய பொரியல். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எனக்கே மனப்பாடம். ஆனால், "உனக்கு எப்படி வேணும்?" என்று அந்தச் சமையலறையில் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

இவர் வறுவலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லேன், உனக்குக் காரம்தானே பிடிக்கும்?" என்றார். முப்பது வருஷத்தில் அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது! "நல்லா காரமா, வெங்காயம் நிறையப் போட்டு, சாஸ் தனியா" என்று சொன்னேன். சொன்னபடியே வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் சின்ன மாற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று ஒரு காரச் சட்னி தனியாக அரைக்கிறேன். இவரும் கல்யாண வீடுகளுக்கு மறுபடி வர ஆரம்பித்துவிட்டார். பந்தியில் உட்காரும் முன்பே பரிமாறுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊறுகாய், அப்பளம் எனக்கு வேணாம் தம்பி, தயிர் மட்டும் இன்னொரு கரண்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்த தடவை குடும்பத்தோடு வெளியில் போகும்போது, "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லாமல், உங்களுக்கு வேண்டியதைத்தான் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்! அஞ்சு நிமிஷம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். இருந்தால்தான் என்ன?